கதவைப் பார்த்தபடி உறங்குகிறவர்கள்: முதியோர் பராமரிப்பு நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் இல்லங்களையும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களையும் நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

முதியோர் பராமரிப்பில் நெடுங்காலமாகச் சமூகப் பணியாளராக இருந்துவருபவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். போர், இனப்படுகொலை, சிறைச் சித்திரவதை, கட்டாய இடப்பெயர்வு, பாலியல் வன்கொடுமை, சிறுவயதில் விடுதிகளிலும் சொந்த வீடுகளிலும் நடந்த துன்புறுத்தல் என ஏதோ ஒரு பெருங்கொடுமையிலிருந்து உயிர் தப்பியவர்கள் பலர் இன்று எழுபது, எண்பது, தொண்ணூறு வயதுகளில் உங்கள் பராமரிப்பில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதைப் பற்றி உங்களிடம் வாய் திறந்திருக்க மாட்டார்கள். உங்கள் சேர்க்கைப் படிவமும் அதைக் கேட்டிருக்காது. அவர்களுடைய மனவடு மனநல ஆலோசகர் பார்த்துக்கொள்ள வேண்டிய தனி விவகாரம் என்று நீங்கள் கருதுவீர்களானால், அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளுமாறு கேட்பதே என் நோக்கம். வாரத்திற்கு ஒரு மணி நேர ஆலோசனையைவிட, நீங்கள் குளிப்பாட்டும் முறையும் இரவுச் சுற்றும் கதவுப் பூட்டும்தான் அவர்களைத் தாங்கி நிறுத்துகின்றன, அல்லது குலைத்துப்போடுகின்றன.

முதலில் ஒரு காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய், அதாவது மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்று குறிப்பிடுவது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் முதன்முறையாக இடம்பெற்றது 1980ஆம் ஆண்டில்தான். நெடுங்காலம் தப்ப வழியின்றி அனுபவித்த கொடுமைகளின் பின்விளைவை உலகச் சுகாதார நிறுவனம் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாக வகைப்படுத்தியது அதன் பதினோராம் நோய் வகைப்பாட்டில். அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். இன்று 85 வயதாகும் ஒருவருக்குப் பத்து வயதில் நேர்ந்த கொடுமைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் கிடைத்தபோது அவருக்கு ஏறக்குறைய நாற்பது வயது. அதற்குள் அவர் மணம் முடித்து, பிள்ளை பெற்று, வேலை பார்த்து, இரவில் அலறி எழுவதைக் 'கெட்ட கனவு' என்று வீட்டாரிடம் சொல்லிச் சமாளித்துப் பழகியிருப்பார். அவருடைய மருத்துவக் கோப்பில் நீரிழிவும் மூட்டுவலியும் இருக்கும், இது இருக்காது. கோப்பில் இல்லை என்பதால் ஆளிடமும் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் நம் துறையில் மிகப் பரவலாக நடக்கும் பிழை.

இளமையில் தாங்கிக்கொண்டவர் முதுமையில் ஏன் தடுமாற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். பாஸ்டனில் முன்னாள் போர்வீரர்களிடையே பணியாற்றிய ஆய்வாளர்கள், பல்லாண்டுகள் சீராக வாழ்ந்துவிட்டு முதுமையில் போர் நினைவுகளால் அலைக்கழிக்கப்படுபவர்களைப் பற்றி 2006இல் எழுதினார்கள். பணி ஓய்வு, துணையின் மறைவு, உடல்நலக் குறைவு ஆகியவை வந்தபின் பழைய நினைவுகள் மேலெழுவதை அவர்கள் விவரித்தார்கள். களத்தில் இருக்கும் எங்களுக்கு இது அன்றாடக் காட்சி. வேலையில் மூழ்கியிருந்தவரை நினைக்க நேரமில்லை; இப்போது பகல் முழுவதும் நேரம்தான். நடந்ததையெல்லாம் அறிந்திருந்த ஒரே ஆளான கணவரோ மனைவியோ போய்விட்டார்கள். ஆபத்து வந்தால் ஓடிவிடலாம் என்று அறுபதாண்டுகள் உள்ளூர நம்பியிருந்த கால்கள் இப்போது கட்டிலிலிருந்து இறங்கவே இன்னொருவர் கையை எதிர்பார்க்கின்றன. போதாததற்கு, முதுமையில் மனம் தன் வாழ்க்கையைப் பின்னோக்கி எண்ணிப் பார்ப்பது இயல்பு என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இலேயே எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்கு அது அசைபோடுதல். இவர்களுக்கு அந்தப் பாதையின் நடுவே ஒரு வெட்டவெளி இருக்கிறது, அதைக் கடக்காமல் அப்பால் போக முடியாது.

இனி உங்கள் கட்டடத்திற்குள் வருகிறேன். குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். விடிந்தும் விடியாத நேரம். சீருடை அணிந்த இருவர் அறைக்குள் வந்து விளக்கைப் போடுகிறார்கள். எழுந்திருக்கச் சொல்கிறார்கள். சக்கர நாற்காலியில் அமர்த்தி, ஓடு பதித்த குளிர்ந்த அறை ஒன்றுக்குள் தள்ளிச் செல்கிறார்கள். கதவு மூடப்படுகிறது, ஆடை களையப்படுகிறது, தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. உங்கள் பணியாளர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். ஒரு காலைப்பொழுதுக்குள் இருபது பேரைக் குளிப்பாட்ட வேண்டியவர்கள். ஆனால் நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர்களைப் பராமரித்த இல்லங்கள் மிக முன்னரே கண்டறிந்தவற்றுள் ஒன்று, குளியலறையின் குழாய்த் தெளிப்பே அவர்களில் பலருக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்பது. முகாமுக்குச் சென்றிராதவர்களுக்கும், சிறைக்கூடத்தில் ஆடையின்றி நிறுத்தப்பட்டவருக்கும், சிறுமியாக இருந்தபோது மூடிய கதவுக்குப் பின்னால் கொடுமைக்கு ஆளானவருக்கும், இந்தக் காட்சியில் அறிமுகமான ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

நான் பணியாற்றிய ஓர் இல்லத்தில் ஒரு மூதாட்டியின் குறிப்பேட்டில் 'குளிக்க ஒத்துழைப்பதில்லை, கைநீட்டுகிறார், கடிக்கிறார்' என்று மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. அவரிடம் கடந்த காலத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எப்போது குளிக்கப் பிடிக்கும், யார் உடன் இருக்கலாம், கதவு திறந்திருக்க வேண்டுமா என்பவற்றை மட்டும் கேட்டேன். மாலையில், அந்த ஒரு பெண் பணியாளர் மட்டும், கதவு ஒருக்களித்தபடி, என்றார். தோளிலும் மடியிலும் துண்டு போர்த்தியபடியே, கையில் பிடித்துக்கொள்ளும் தெளிப்பானை அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். தண்ணீர் எங்கே விழ வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது அவர் முடிவு. கடித்தல் நின்றது. எல்லாருக்கும் இது பலித்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதிய மூவரும், அவர் எதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால் முன்பே விடை கிடைத்திருக்கும்.

இரவுச் சுற்றும் இப்படித்தான். உறங்குபவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க முகத்தில் டார்ச் வெளிச்சம் அடிப்பது உங்கள் பணியாளருக்கு அக்கறை. விசாரணைக்காக நள்ளிரவில் எழுப்பப்பட்ட ஒருவருக்கு அது வேறு. வெளிச்சத்தைத் தரையில் அடிக்கலாம், வாசலிலேயே நின்று தன் பெயரைச் சொல்லலாம், இரவில் எத்தனை முறை பார்க்கலாம் என்பதைப் பகலிலேயே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். கட்டிலைத் தானே நகர்த்திக் கதவைப் பார்க்கும்படி போட்டுக்கொள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் துப்புரவுப் பணியாளர் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளுவார், ஒவ்வொரு இரவும் இவர் மீண்டும் இழுப்பார், ஒருநாள் விழுவார். விழுந்தது பதிவேட்டில் ஏறும், ஏன் இழுத்தார் என்பது ஏறாது. பராமரிப்புத் திட்டத்தில் 'கட்டில் கதவை நோக்கியே இருக்க வேண்டும்' என்ற ஒரு வரி போதும். உணவுக்கும் மாத்திரைக்கும் வரிசையில் நிற்க வைப்பது, பெயருக்குப் பதில் அறை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது, முன்னறிவிப்பின்றித் தீயணைப்பு ஒத்திகை நடத்துவது, தலையணைக்கடியில் ஒளித்து வைத்த உணவைத் துப்புரவு என்ற பெயரில் கேட்காமல் எடுத்து எறிவது ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். பட்டினி கிடந்தவர் ஒளித்து வைக்கும் உணவை எடுத்து எறிவதற்கு முன், கெட்டுப்போகாத ஒன்றை மூடியுள்ள டப்பாவில் போட்டு அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டால், சுகாதாரமும் காக்கப்படும், அவர் உறக்கமும் காக்கப்படும்.

மறதிநோய் சேரும்போது நிலைமை இன்னும் கடினமாகிறது. அண்மைக்கால நினைவுகள் முதலில் அழிகின்றன. பழையவை நெடுநாள் எஞ்சுகின்றன. தான் தப்பித்துவிட்டதும், அதன்பின் அறுபதாண்டுகள் பாதுகாப்பாக வாழ்ந்ததும் மறந்துபோய், தப்பிக்காத அந்த நாள் மட்டும் நினைவில் மிஞ்சிய ஒருவரின் அச்சத்தை எண்ணிப் பாருங்கள். பிற்காலத்தில் கற்ற மொழி நழுவித் தாய்மொழிக்குத் திரும்பிவிடுபவர்களும் உண்டு. அவர் மொழி தெரிந்த ஒருவர் அருகில் இல்லாத இல்லத்தில் அவர் மீண்டும் ஒருமுறை அகதியாகிறார். அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 1,81,093 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழாண்டுக் காலத்தில் மறதிநோய் கண்டவர்களின் விகிதம் பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடையே 10.6 விழுக்காடாகவும் இல்லாதவர்களிடையே 6.6 விழுக்காடாகவும் இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதிலிருந்து நிறுவ முடியாது. ஆனால் உங்கள் மறதிநோய்ப் பிரிவில் மனவடு உள்ளவர்கள் இருப்பதற்கான வாய்ப்பு, நீங்கள் நினைப்பதைவிட அதிகம் என்று கொள்ள இது போதும். 'வீட்டுக்குப் போக வேண்டும், அவர்கள் வந்துவிடுவார்கள்' என்று கத்துபவரிடம் தேதியையும் ஊரையும் சொல்லித் திருத்துவதால் பயனில்லை. 'இங்கே யாரும் வர மாட்டார்கள், நான் இங்கேயே இருக்கிறேன்' என்று சொல்லி உடன் உட்கார ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் இல்லாத இடத்தை மாத்திரை நிரப்புகிறது. இதில் அதிகம் சொல்ல நான் மருத்துவன் அல்லன். பென்சோடயசெபின் வகை மயக்க மருந்துகளை முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் சொல்கிறது, பி.டி.எஸ்.டி.க்கு அவற்றைத் தர வேண்டாம் என்று அந்நாட்டு முன்னாள் படைவீரர் துறையின் சிகிச்சை வழிகாட்டுதலும் சொல்கிறது. விழுவதும் குழம்புவதும் கூடும் என்பது உங்கள் செவிலியர்களுக்கே தெரியும். மாலை நேரத்துக் கலவரத்துக்கு மாத்திரை எழுதிக் கேட்பதற்கு முன், அன்று மாலை என்ன நடந்தது என்று சமூகப் பணியாளரிடம் கேட்கும் வழக்கம் வர வேண்டும்.

இவ்வளவையும் படித்த பிறகு, நல்ல எண்ணத்துடனேயே, எல்லா முதியவர்களிடமும் 'உங்களுக்கு என்ன நடந்தது?' என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லி எனக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுவீர்களோ என்ற கவலை எனக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் அதிர்ச்சிக்கு ஆளானவர்களை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் விவரிக்கச் செய்யும் முறையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட மதிப்பாய்வு, அம்முறை நோயைத் தடுத்ததற்குச் சான்றில்லை என்றே முடிவுக்கு வந்தது. கட்டாயமாக அதை நடத்துவது நிறுத்தப்பட வேண்டும் என்றும் சொன்னது. அது அண்மையில் நடந்த விபத்துகளுக்குப் பிந்தைய நிலையைப் பற்றியது. அறுபதாண்டுப் பழைய காயத்தை, பயிற்சி இல்லாத ஒருவர், படிவத்தை நிரப்பும் அவசரத்தில் கீறிப் பார்ப்பது அதைவிட மோசமாகவே முடியும். மௌனமாக இருப்பது சிலருக்கு நோயின் அறிகுறி. வேறு சிலருக்கு, அவர்கள் தம் வாழ்க்கையைக் கட்டி எழுப்பிய அடித்தளமே அதுதான். எது எவருக்கு என்பது பழகித்தான் தெரியும்.

சொல்ல விரும்புபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நேரம் கொடுத்தாக வேண்டும். கிம் ஹாக் சுன் என்ற கொரியப் பெண், ஜப்பானியப் படையால் பாலியல் அடிமையாக்கப்பட்டதை 1991 ஆகஸ்டில் முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னபோது அவருக்கு 66 வயது ஆகியிருந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு மௌனம். அவரைப் பின்பற்றிப் பல நாடுகளில் மூதாட்டிகள் முன்வந்தார்கள். ஆனால் சொல்லப்பட்ட கதை யாருக்குச் சொந்தம் என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். கனடாவில் பழங்குடிச் சிறுவர்களுக்கான உறைவிடப் பள்ளிகளில் துன்புறுத்தப்பட்டவர்கள் இழப்பீடு கோரி அளித்த வாக்குமூலங்களை என்ன செய்வது என்ற வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் தந்த தீர்ப்பு கவனத்துக்குரியது: சொன்னவர் பாதுகாக்கச் சொன்னாலொழிய, பதினைந்தாண்டுகளுக்குப் பின் அவை அழிக்கப்பட வேண்டும். ஒரு நாட்டின் வரலாற்று ஆவணம் என்ற வாதத்தைக் காட்டிலும், நம்பிச் சொன்னவரின் விருப்பம் அங்கே மேலாக நின்றது. உங்கள் ஆண்டு விழா மலருக்காக, நன்கொடையாளர் வரும் நாளுக்காக, ஒரு முதியவரை மேடையேற்றி 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்பதற்கு முன் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மீள்திறன், அதாவது துன்பத்திலிருந்து மீண்டெழும் ஆற்றல். இந்தப் பெயரில் நீங்கள் ஏற்பாடு செய்யும் ஊக்க உரைகளையும் சிரிப்புப் பயிற்சிகளையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்து வந்திருக்கிறேன். 'நேர்மறையாகச் சிந்தியுங்கள்' என்று முப்பது வயதுப் பேச்சாளர் ஒருவர், பிணங்களுக்கிடையே ஒளிந்து உயிர் தப்பிய எண்பது வயதுக்காரரிடம் சொல்வதில் உள்ள அபத்தம் உங்களுக்கும் தெரியாமலில்லை. அவர்களிடம் மீள்திறன் இல்லை என்று யார் சொன்னது? வாழ்நாளில் பேரதிர்ச்சி தரத்தக்க நிகழ்வுகளை உலக மக்களில் சுமார் 70 விழுக்காட்டினர் எதிர்கொள்கிறார்கள், அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே பி.டி.எஸ்.டி. உண்டாகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கொடுமையின் தன்மையைப் பொறுத்து அந்த விகிதம் கூடும் என்றாலும், பெரும்பாலோர் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். மீண்டெழுவது அசாதாரணமானவர்களின் அசாதாரணத் திறமை என்ற எண்ணத்தை மறுத்து, அது உறவு, பொறுப்பு, தன்மீதான நம்பிக்கை போன்ற மிகச் சாதாரணமானவற்றிலிருந்து கிடைப்பது என்று உளவியலாளர் ஆன் மாஸ்டன் 2001இல் எழுதினார். அவர் எழுதியது குழந்தைகளைப் பற்றி. முதியவர்களுக்கும் அது பொருந்துவதை நான் காண்கிறேன். அப்படியானால் உங்கள் கடமை அவர்களுக்கு அதைக் கற்பிப்பதல்ல. இத்தனை காலம் அவர்களைத் தாங்கிய அந்தச் சாதாரணமானவற்றை, இல்லத்தில் சேர்ந்த நாளன்று பெட்டியோடு சேர்த்து வாங்கிப் பூட்டி வைத்துவிடாமல் இருப்பதுதான்.

முதலாவது, தீர்மானிக்கும் உரிமை. எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்துப் பராமரிக்கக் கொடுத்தார்கள். படம் பார்க்கும் நாளையும் அவர்களே முடிவு செய்தார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது, ஆனால் செவிலியர்கள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் காட்டினார்கள். சிறிய ஆய்வு, அதன் தொடர்ச்சியாக, இறப்பு விகிதம் பற்றி அடுத்து வெளியான முடிவின் புள்ளிவிவரத்தில் குறை கண்டவர்களும் உண்டு. அதை நான் அத்தாட்சியாக நீட்டவில்லை. எல்லாத் தீர்மானங்களும் தன் கையிலிருந்து பறிக்கப்பட்ட ஓர் அனுபவமே ஒருவருடைய மனவடுவின் மையம் என்னும்போது, இன்று என்ன உடுத்துவது, எப்போது உறங்குவது என்பதையும் நாம் தீர்மானிப்பது அவரை எங்கே கொண்டு நிறுத்தும் என்று மட்டும் கேட்கிறேன்.

இரண்டாவது, தம்மைப் போன்றவர்களின் துணை. ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர் தப்பியவர்களில் பலர், திருமணமும் வேலையும் கிடைக்காமல் போகும் என்றஞ்சிப் பல்லாண்டுகள் தம்மை மறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அவர்கள் 1956இல் தமக்கென அமைத்துக்கொண்ட நிஹோன் ஹிதான்க்யோ கூட்டமைப்புக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, எஞ்சியிருந்தவர்களின் சராசரி வயது 85ஐத் தாண்டியிருந்தது. மருத்துவ உதவிக்காகவும் அணு ஆயுத ஒழிப்புக்காகவும் போராடியதே அவர்களில் பலருக்கு வாழ்வதற்கான காரணமாக இருந்தது. இஸ்ரேலில் நாஜிக் கொடுமையிலிருந்து மீண்டவர்களே 1987இல் தொடங்கிய அம்கா அமைப்பில், ஆலோசனையைப் போலவே ஒன்றுகூடிப் பேசுவதற்கும் இடமுண்டு. அங்கே தன் கதையை யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை என்பதே பெரிய ஆறுதல். உங்கள் இல்லத்தில் அப்படி ஒரு குழுவுக்கு ஓர் அறையும் ஒரு பிற்பகலும் ஒதுக்கினால், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் யாரை யாருடன் அமர்த்துகிறோம் என்பதில் சமூகப் பணியாளரின் சொல்லைக் கேளுங்கள். ஒரே மோதலின் இரு தரப்பிலும் இருந்தவர்கள் இன்று ஒரே இல்லத்தில் இருக்கக்கூடும். தான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எண்ணி வெந்துகொண்டிருக்கும் முன்னாள் படைவீரரின் மனவடு, பாதிக்கப்பட்டவரின் மனவடுவோடு ஒரே வட்டத்தில் உட்கார முடியாதது. பார்க்க வரும் உறவினரைக் கண்டு ஒரு மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால், 'பெற்ற பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்கிறாரே' என்று அலுத்துக்கொள்ளாமல், பார்க்க வேண்டாம் என்ற அவர் விருப்பத்துக்கு வழிவிடுங்கள். எல்லாக் கொடுமைகளும் வெளியாரால் நிகழ்ந்தவை அல்ல.

இவ்வளவையும் செய்யப்போவது யார் என்று கேட்பீர்கள். உங்கள் இல்லத்தில் ஏற்கெனவே ஒரு சமூகப் பணியாளர் இருக்கக்கூடும். அவர் சேர்க்கைப் படிவங்களை நிரப்புகிறார், ஓய்வூதிய அலுவலகத்துக்கு அலைகிறார், கட்டணம் பாக்கி வைத்த பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைக்கிறார், விழாக்களுக்குப் பலூன் கட்டுகிறார். அலைச்சலை நான் குறையாகச் சொல்லவில்லை. இழப்பீட்டு விண்ணப்பத்திலும் அடையாளச் சான்றிலும் துணை நிற்பது மனவடு உள்ளவர்களுக்கு மிகப் பெரிய உதவி, ஏனெனில் அரசு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் அமர்ந்திருக்கும் அதிகாரியைக் கண்டாலே நடுங்குபவர்கள் அவர்களில் உண்டு. கட்டண வசூலைத்தான் அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். பணம் கேட்பவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். அந்த நேரத்தை முதியவர்களுடன் அமர்ந்திருக்கக் கொடுங்கள். அதைவிட முக்கியமாக, குளியல் நேரமும் இரவுச் சுற்றும் அறை ஒதுக்கீடும் தீர்மானிக்கப்படும் கூட்டத்தில் அவருக்கு இடமும், 'இவருக்கு இந்த முறை கூடாது' என்று சொல்லும் அதிகாரமும் வேண்டும். அமெரிக்க அரசின் நிதியைப் பெறும் மருத்துவப் பராமரிப்பு இல்லங்கள் மனவடுவைக் கருத்தில்கொண்ட பராமரிப்பை அளிக்க வேண்டும் என்பது 2019 நவம்பரிலிருந்து அங்கே விதியாகவே இருக்கிறது. விதி வந்ததால் மட்டும் எல்லாம் சீராகிவிடவில்லை என்பது வேறு கதை. ஆனால் ஓர் இல்லத்தின் நடைமுறையே காயப்படுத்தக்கூடும் என்பதை விதியாக ஏற்கும் நிலை வந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குளிப்பாட்டுபவர், உணவு பரிமாறுபவர், துப்புரவு செய்பவர், இரவுக் காவலர் ஆகியோருக்கும் பயிற்சி தேவை. முதியவர்களோடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தாம். நள்ளிரவில் அலறல் கேட்டால் முதலில் ஓடுபவரும் இரவுக் காவலர்தான், நானல்ல. பயிற்சி என்றவுடன் நாள் முழுக்கப் படம் காட்டி உரையாற்றுவதை நினைக்காதீர்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள், தொடுவதற்கு முன் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் பத்து நிமிடம் கழித்து வாருங்கள், காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள் என்பவற்றை ஒருவருடன் ஒருவர் செய்து பழகினால் பாதி வேலை முடிந்தது. அவர்களிலும் தம் சொந்த வாழ்வில் கொடுமையைக் கண்டவர்கள் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கேட்பவரையும் அது பாதிக்கிறது. பிறருடைய பேரதிர்ச்சியைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவரின் மனத்தில் அதன் சாயல் படிவதை உளவியலாளர்கள் மெக்கேனும் பேர்ல்மனும் 1990இல் எழுதினார்கள். உறக்கம் கெடுவதும், வீட்டில் எரிந்து விழுவதும், பின்பு எதுவும் உறைக்காமல் மரத்துப்போவதும் எங்களில் பலருக்குத் தெரிந்தவை. மரத்துப்போன பணியாளர் விடுப்பு எடுப்பதில்லை, புகார் சொல்வதில்லை. நிர்வாகத்தின் கண்ணுக்கு அவர் நல்ல பணியாளராகவே தெரிவார். அனுபவமுள்ள மூத்த பணியாளர் ஒருவருடன், வேலை நேரத்துக்குள்ளேயே, மாதந்தோறும் பேசுவதற்கு ஏற்பாடு வேண்டும். அந்தச் சந்திப்பு அவருடைய செயல்திறன் மதிப்பீட்டோடு எவ்வகையிலும் சேரக் கூடாது; சேர்ந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

கடைசி நாட்களைப் பற்றியும் இப்போதே பேசி வைக்க வேண்டும். மருத்துவமனைக்கு அனுப்பும்போது கை கட்டப்படுவதை ஒருவர் எக்காரணத்தாலும் தாங்க மாட்டார் என்றால், அது அவருடன் செல்லும் தாளில் முதல் வரியாக இருக்க வேண்டும். உயிர் பிரியும்போது யார் உடன் இருக்கலாம், எந்த மொழியில் பேச வேண்டும், விளக்கு எரிய வேண்டுமா, அவர் சொல்லி வைத்த கதையும் கடிதங்களும் படங்களும் அதன்பின் யாரிடம் போக வேண்டும் அல்லது அழிக்கப்பட வேண்டும் என்பவற்றை, அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் வாயாலேயே கேட்டு எழுதி வைக்க உங்கள் சமூகப் பணியாளருக்கு அனுமதி கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த பணியாளர் கூட்டத்தில் 'ஒத்துழைப்பதில்லை' என்று குறிப்பெழுதப்பட்டவர்களின் கோப்புகளை மட்டும் மேசைமேல் வையுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, அவர் எதை, எந்த நேரத்தில், யாரிடம் மறுத்தார் என்று உங்கள் சமூகப் பணியாளரையும் இரவுக் காவலரையும் ஒருசேர உட்காரவைத்துக் கேளுங்கள். குளியலும் இரவுச் சுற்றும் அங்கிருந்தே மாறத் தொடங்கலாம். அதற்கு நிதி ஒதுக்கீடோ மேலிட ஒப்புதலோ தேவையில்லை.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்பில் பணியாற்றும் ஒரு சமூகப் பணியாளர்